அவரைக்கு ஒரு கோட்டு

பெப்ரவரி 11, செவ்வாய்

இன்று மிளகாய் விதை போட்டேன். வெளியே பனி வேலியின் பாதி உயரத்துக்குக் கிடக்கிறது. அதற்கும் மிளகாய்க்கும் சம்பந்தம் இல்லை. ரொறன்ரோவில் மே மாதக் கடைசியில்தான் எதையும் வெளியில் நடலாம். அதற்குள் மிளகாய்க் கன்று வீட்டுக்குள்ளேயே வளர்ந்து பூக்கும் பருவத்துக்கு வந்திருக்கவேண்டும். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. வந்த புதிதில் தட்டுத் தட்டாகக் கன்றுகளைச் சாகக் கொடுத்துப் படித்தேன். ஊரில் தண்ணீர்ப் பம்பு திருத்தும் தொழிலைப் படித்ததும் அப்படித்தான்.

மகன் கேதீஸ் படியில் நின்று பார்த்தான்.

"அப்பா, போன வருசம் மார்ச்சிலதானே போட்டனீங்கள். இந்த முறை ஏன் இவ்வளவு வெள்ளன?"

போன வருடம் பிந்திவிட்டது என்றேன். பிந்தவில்லை. ஆனால் அவனுக்கு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. மார்ச் கடைசியில் அவனுடைய தாய் லண்டனிலிருந்து வருகிறாள். வந்து சப்பாத்தைக் கழற்றியதும் நேரே பேஸ்மென்டுக்கு இறங்கி, ஒன்றும் முளைக்கவில்லையோ என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு நான் இடம் வைக்கப்போவதில்லை.

பெப்ரவரி 13, வியாழன்

கத்தரி விதையை ஈரக் கடதாசியில் சுற்றிவைத்தேன். முளைக்கச் சூடு வேண்டும். கடையில் விற்கும் சூட்டுப் பாய் தேவையில்லை. வீட்டில் சூடான இடம் எது என்று தேடினால் கிடைக்கும்.

எனக்கு இப்போது தேட நேரம் உண்டு. மேலறைக் கட்டிலைப் பேஸ்மென்டுக்கு இறக்கச் சொன்னது போன ஒக்டோபரில். மகள் துஷ்யந்தியின் பேறு பார்க்க என் மனைவி நாயகி லண்டன் போனபிறகு, அந்தப் பெரிய அறையில் ஒரு ஆளுக்கு என்ன வேலை. இங்கே குழாய் விளக்கு இருக்கிறது, நாற்றுத் தட்டு இருக்கிறது, உடுப்புக் காயவைக்கும் இயந்திரத்தின் வெக்கை இருக்கிறது. மருமகள் நிஷாந்தி, "மாமா, கீழ குளிருமே" என்று இரண்டு முறை சொன்னாள். குளிர்ந்தால் நான் சொல்வேன்.

மூன்று மாதம் என்றுதான் பேச்சு. தை மாதம் வந்திருக்கவேண்டும். பிள்ளைக்கு ஊசி போடவேண்டும், துஷ்யந்திக்கு முதுகு நாரி நோகிறது என்று மார்ச்சுக்குத் தள்ளிவிட்டார்கள். லண்டனில் பிள்ளை பார்க்க ஆளுக்குக் கூலி அதிகம். தாய் என்றால் கூலி இல்லை. அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

வழமைபோல் லண்டனிலிருந்து போன் கோல் வந்தது. மேலே எல்லோரும் கதைத்தார்கள். நான் அந்த நேரம் தட்டுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 19, புதன்

இந்த வீட்டில் மிகச் சூடான இடம் இன்ரநெற் பெட்டியின் மேற்பக்கம். கத்தரி விதையை அதன்மேல் வைத்திருந்தேன். இன்று கேதீஸ் ஏதோ வேலைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது எல்லாம் நின்றுபோயிற்றாம். கீழே வந்து பெட்டியைத் தூக்கினான். அடியால் தண்ணீர் சொட்டியது.

"அப்பா, இதென்ன?"

"கத்தரி."

"இது கத்தரி முளைக்க வைக்கிற பெட்டியோ?"

"முளைச்சிருக்குப் பார்."

பார்த்தான். முளைத்துத்தான் இருந்தது. வெள்ளையாக, ஊசி முனைபோல் ஒவ்வொன்றிலும் ஒரு வேர். அவன் பெட்டியைத் துடைத்துக்கொண்டு போனான். கம்பனிக்காரன் வந்து புதுப் பெட்டி பூட்டினான். அது அவ்வளவு சூடாக இல்லை.

பெப்ரவரி 22, சனி

அந்துப்பூச்சி உருண்டை வைக்க மேலறை அலுமாரியைத் திறந்தேன். நாயகியின் குளிர்க் கோட்டு அங்கேதான் தொங்குகிறது. முழங்காலுக்குக் கீழே வரும் கறுப்புக் கோட்டு, உள்ளே தடித்த பஞ்சு. லண்டன் குளிருக்கு இது தேவையில்லை என்று விட்டுப் போனாள். ஒருவர் திரும்பி வராத இடத்தில் இவ்வளவு நல்ல கோட்டை விட்டுப் போவாரா. இதைக் கேதீஸுக்குச் சொல்லவேண்டும் என்று பல நாளாக நினைக்கிறேன்.

பொக்கற்றுக்குள் கை விட்டேன். உருண்டை போடத்தான். ஒரு பஸ் ரிக்கற் துண்டு, இருமலுக்கு வாயில் போட்டு உமியும் இனிப்பு ஒன்று, மடித்த கடதாசிக்குள் அவரை விதை. கறுப்பு விதை, விளிம்பில் புருவம்போல ஒரு வெள்ளைக் கோடு. போன வருடம் கோயிலில் யாரோ ஒரு மனுசி கொடுத்தது. பாதியை நட்டுவிட்டு மீதியை மறந்திருக்கிறாள்.

அந்த அவரையைப்பற்றி இங்கே எழுதிவைக்கவேண்டும், ஏனென்றால் வீட்டில் எல்லோருக்கும் அதைப்பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. நாயகி அதைப் பின்வேலி ஓரம் நட்டாள். அது வேலியை மூடி, பக்கத்து வீட்டு ஏணியில் ஏறி, என் தக்காளி முழுவதற்கும் நிழல் போட்டது. ஆனி, ஆடி, ஆவணி எல்லாம் போயிற்று. ஒரு பூ இல்லை. இலை, இலை, இலை. அவள் காலையில் தேநீர்க் கோப்பையோடு போய் அதன் முன்னால் நிற்பாள். பொறுத்துப் பார்ப்பம் என்பாள். செப்டெம்பர் நடுவில், அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம், நான் அதைப் பிடுங்கினேன். மலட்டுக் கொடியைப் பிடுங்குவது தோட்டக்காரன் செய்யும் வேலை. நுனிகளில் ஊதா நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. பூச்சி என்று நினைத்தேன்.

வந்து பார்த்தாள். கொடியின் நுனிகளை ஒடித்து ஒரு வாளித் தண்ணீரில் போட்டுச் சமையலறையில் வைத்தாள். அவை வாடும்வரை வாளியை யாரையும் தொடவிடவில்லை. அடுத்த வாரம் துஷ்யந்தி கேட்டபோது, வாறன் என்று உடனே சொல்லிவிட்டாள்.

கோட்டை நான் போட்டுப் பார்க்கவில்லை. முகத்தை வைத்தும் பார்க்கவில்லை. கை மட்டும்தான் விட்டேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

அவரை விதையை இரவு முழுவதும் ஊறவைத்து, தயிர்க் கோப்பைகளில் போட்டேன். இந்தக் குளிரில் அவரை போடுவது முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும். அது வெறும் பரீட்சை.

மார்ச் 2, ஞாயிறு

கோல் வந்த நேரம் நான் படியின் பாதியில் இருந்தேன். மண் வாளி பாரமாக இருந்ததால் நின்றேன். போனைப் பெரிய சத்தத்தில் போட்டிருந்தார்கள்.

நாயகியின் குரல்: "கொப்பர் சாப்பிடுறாரோ?"

"சாப்பிடுறார் அம்மா. எந்த நேரமும் கீழதான்."

"இருமல்?"

"குறைஞ்சிட்டுது."

கொஞ்ச நேரம் குழந்தையின் சத்தம். பிறகு அவள் கேட்டாள்: "என்னைக் கேட்டவரோ?"

கேதீஸ் கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஓம் ஓம், கேட்டவர்" என்றான்.

இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல இவன் எங்கே படித்தான் என்று தெரியவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

மார்ச் 5, புதன்

அவரை எல்லாம் அழுகிவிட்டது. கிண்டிப் பார்த்தேன். மண் ஈரம் கூடிப்போயிற்று. ஒரு கோப்பையை மட்டும் கிண்டவில்லை.

மார்ச் 6, வியாழன்

கிண்டாத கோப்பையில் மண் வெடித்திருக்கிறது. கழுத்தை வளைத்துக்கொண்டு, தலையை இன்னும் வெளியே எடுக்காமல் நிற்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

இன்று எல்லோரும் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் நாள். பேஸ்மென்ட் மணிக்கூட்டை நான் தொடவிடவில்லை. அரசாங்கம் சொன்னதற்காகக் கன்று ஒரு மணி நேரம் முந்தி எழும்புமா.

"அப்ப மாமா, மேல ஒரு நேரம், கீழ ஒரு நேரமோ?" என்று நிஷாந்தி சிரித்தாள்.

ஓம் என்றேன். லண்டனில் இன்னும் மாற்றவில்லை. கீழே ஒரு நேரம், மேலே ஒரு நேரம், அங்கே ஒரு நேரம்.

மார்ச் 15, சனி

மிளகாயை ஒவ்வொன்றாகப் பிரித்து வேறு கோப்பைகளில் வைத்தேன். தக்காளி விதை போட்டேன். அவரைக்கு மூன்றாவது இலை.

பின்வேலிக்கு அப்பால் பங்களாதேஷ்காரர் ஆலம்கீர் தன் கொட்டிலின் மேல் கிடந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் ஆங்கிலத்தில்தான் பேச்சு. இருவருக்கும் அது ஒரே அளவில் நொண்டும். என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவரை என்றதும் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நின்றார். அவர்களுக்கும் அது பெரிய விருப்பமான காய்.

"போன வருடம் உங்கள் மனைவி வைத்தது நல்ல கொடி. என் ஏணியிலும் ஏறியது. அதை ஏன் பிடுங்கினீர்கள்?"

பூக்கவில்லை என்றேன்.

"எப்போது பிடுங்கினீர்கள்?"

"செப்டெம்பர்."

"செப்டெம்பரில்தானே அது பூக்கும்," என்றார். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. "இரவு நீண்டால்தான் அவரைக்குப் பூக்கும் எண்ணம் வரும். இங்கே கோடையில் ஒன்பது மணிவரை வெயில். அது காத்திருக்கும். என் மனைவி ஒரு வருடம் மாலையில் கறுப்புப் பையால் மூடி மூடி வைத்து முன்னதாகவே பூக்கவைத்தாள்."

எனக்கு அவரைக் கொடி தெரியாதா. ஊரில் அது தை பிறக்கப் பூக்கும். ஆனால் அங்கே தை மாதப் பகலுக்கும் ஆனி மாதப் பகலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் அது மழையைப் பார்த்துப் பூக்கிறது என்றோ பனியைப் பார்த்துப் பூக்கிறது என்றோ நினைத்திருந்தோம். இருட்டை அளக்கிறது என்று யார் கண்டது.

ஆலம்கீர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள நான் ஆயத்தமில்லை.

மார்ச் 17, திங்கள்

வாசிகசாலைக்குப் போய்த் தாவரப் புத்தகம் எடுத்துப் பார்த்தேன். அகராதியை வைத்துக்கொண்டு காலை முழுவதும் இருந்தேன். அவர் சொன்னது சரி.

பஸ்ஸில் வரும்போது என் தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன். நடந்து வந்தேன்.

இன்று தொடக்கம் அவரைக்கு மாலை ஐந்து மணிக்கு இருட்டு, காலை எட்டு மணிக்கு வெளிச்சம். என் மணிக்கூட்டில். மற்றக் கன்றுகளுக்குக் குழாய் விளக்கு இரவு ஒன்பது மணிவரை எரியவேண்டும், அதனால் அவரையை மட்டும் மூடவேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

அட்டைப் பெட்டி சரிவரவில்லை, மூட்டுகளால் வெளிச்சம் போகிறது. குப்பைப் பை வேர்த்து இலையில் தண்ணீர் கட்டுகிறது. கொடி அதற்குள் சுற்ற இடம் தேடத் தொடங்கிவிட்டது. தக்காளிக்கு வைக்கும் கம்பிக் கூட்டைச் சாடியில் ஊன்றி அதில் ஏற்றிவிட்டேன்.

கோல் வந்தது. மார்ச் கடைசி இல்லையாம். ஈஸ்டருக்குப் பிறகு பார்ப்பமாம்.

மார்ச் 29, சனி

நிஷாந்தியின் ஒன்றுவிட்ட அக்கா திங்கட்கிழமை லண்டன் போகிறாவாம். மேசையில் ஒரு பயணப் பை திறந்து கிடந்தது. நாயகியின் இரண்டு கம்பளிச் சட்டை, மூக்குக்கண்ணாடி, சேலைகள், கோயிலுக்குக் கட்டும் பச்சைச் சேலைகூட. எல்லாம் மடித்து அடுக்கியிருந்தது.

"இதுகள் ஏன் போகுது?"

"மாமி கேட்டவ, மாமா," என்றாள் நிஷாந்தி. "அந்தக் கறுப்புக் கோட்டையும் போட்டு விடட்டாம். அலுமாரிக்குள்ள காணேல்லை. நீங்கள் கண்டனீங்களோ?"

கண்டேன், கீழே என்னிடம் கிடக்கிறது என்றேன். தரமாட்டேன் என்றேன்.

கேதீஸ் எழுந்து வந்தான். "அப்பா, அது அம்மாவின்ர கோட்டு."

"இந்த நாட்டுக் குளிருக்கு வாங்கினது. இஞ்சதான் கிடக்கும். வரேக்க போடுவா."

"வரேக்க கோடை அப்பா."

"அடுத்த குளிருக்குப் போடுவா."

அவன் கதிரையில் இருந்தான். தலையைத் தடவினான். சின்ன வயதில் கணக்குப் பிழைத்தால் அப்படித்தான் தடவுவான். "அப்பா, நான் உங்களுக்கு எத்தனை நாளாய்ச் சொல்லப் பாக்கிறன். அம்மா வரமாட்டன் எண்டுதான் சொல்லுறா. துஷி மறிக்கேல்லை. துஷி போகச் சொல்லித்தான் சொல்லுறாள். அம்மாதான்... அங்க நிம்மதியாய் இருக்காம்."

அவன் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கிறான். எனக்கு நாயகியைத் தெரியும். வரமாட்டேன் என்று நினைத்தால் அவள் அதைச் சொல்லமாட்டாள். பேசாமல் போய்விடுவாள்.

எழுதியதை இப்போது வாசித்துப் பார்த்தேன். வெட்டப்போவதில்லை.

மார்ச் 30, ஞாயிறு

கோட்டு சரியான அளவு. கம்பிக் கூட்டின் தோளில் போட்டால் சாடியின் அடிவரை வருகிறது. பஞ்சு தடிப்பு, ஒரு பொட்டு வெளிச்சம் போகாது. காற்று கீழால் போகும், வேர்க்காது. முன்பக்கம் பொத்தான் எல்லாவற்றையும் பூட்டி, கழுத்துப் பொத்தானையும் பூட்டிவிட்டேன். மேல் துவாரம் அடைபட்டுவிட்டது.

இதைவிடப் பொருத்தமான மூடி ஒன்று கடையில் கிடையாது. ஆகவே கோட்டு லண்டன் போக முடியாது. சொல்லிவிட்டேன், அவரைக்குத் தேவை என்று. கேதீஸ் என்னைப் பார்த்தபடியே நின்றான். பிறகு பையின் சிப்பை இழுத்து மூடினான்.

ஏப்ரல் 4, வெள்ளி

குழாய் விளக்கின் வெளிச்சம் கோட்டின் கீழ்க் கரையால் கொஞ்சம் போகிறது. மற்றக் கன்றுகளின் நேரத்தையும் மாற்றிவிட்டேன். காலை எட்டுக்கு எரிந்து மாலை ஐந்துக்கு அணைந்துவிடும். அவை கொஞ்சம் நெடுத்து வளரும். வளரட்டும்.

ஐந்து மணிக்குப் பிறகு நான் பக்கத்துக் கதிரையில் இருக்கிறேன். விளக்குப் போட முடியாது, வாசிக்க முடியாது. மேலே நடக்கும் சத்தம் கேட்கும். கோட்டில் இன்னும் அவளுடைய வேப்பெண்ணெய்ச் சவர்க்கார வாசம் இருக்கிறது. மண் வாசத்தோடு கலந்து, சில நேரம் இருக்கிறது, சில நேரம் இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. நிஷாந்தி பொங்கினாள். பொங்கல் நல்லது, சர்க்கரை கொஞ்சம் கூடிவிட்டது. கோல் வந்தபோது நான் தக்காளிக்கு மண் மாற்றிக்கொண்டிருந்தேன்.

நாயகி பொங்கலுக்கு ஏலம் போடமாட்டாள். ஏலம் போட்டால் பாலின் வாசம் போய்விடும் என்பாள். நாற்பது வருடம் அதற்காகச் சண்டை பிடித்திருக்கிறேன். இன்று இருந்தது ஏலம் போட்ட பொங்கல். முடிக்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

ஆறு மணிபோல் நிஷாந்தி உடுப்புத் தோய்க்கக் கூடையோடு இறங்கி வந்தாள். நான் இருட்டில் இருப்பது அவளுக்குத் தெரியாது. விளக்கைப் போட்டாள், கூடை விழுந்தது.

"ஐயோ மாமா. நான்... நான் மாமி வந்து நிக்கிறா எண்டு நினைச்சிட்டன்."

"விளக்கை நூர், பிள்ளை."

"என்ன மாமா இது?"

"அவரை. இருட்டு வேணும். நூர்."

அவள் அணைக்கவில்லை. கோட்டைச் சுற்றி வந்தாள். அதன் கையைத் தொடப்போய்த் தொடாமல் விட்டாள். கை இரண்டும் தொங்காமல் இருக்க அவற்றைப் பொக்கற்றுக்குள் சொருகியிருந்தேன். நாயகியும் குளிரில் அப்படித்தான் நிற்பாள், ஆனால் நான் சொருகியது கரையால் வெளிச்சம் போகாமல் இருக்க. நிஷாந்தி சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். போனை எடுத்து ஒரு படம் பிடித்தாள். நானும் கதிரையில் இருந்தபடியே அதில் விழுந்திருப்பேன்.

"ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் இருக்கிறீங்களோ, மாமா?"

அவரைக்கு இருட்டுத் தடைப்பட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்று சொன்னேன். நூர்த்துவிட்டுப் போனாள். கூடையை மறந்துவிட்டாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

என்னை வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். ஞாபகசக்திப் பரீட்சையாம். இளம் வைத்தியர், மரியாதையானவர். இன்று என்ன நாள் என்று கேட்டார். சொன்னேன். இப்போது என்ன நேரம் என்று கேட்டார். யாருடைய மணிக்கூட்டில் என்று கேட்டேன். கேதீஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

மணிக்கூடு ஒன்று வரையச் சொன்னார். வரைந்தேன். ஒரு வசனம் எழுதச் சொன்னார், விருப்பமானது எதுவானாலும். பேனையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு, மே மாதம் மிளகாய் நடவேண்டும் என்று எழுதினேன்.

ஒரு பிழையும் இல்லையாம். வரும் வழியில் கேதீஸ் ஒரு கடையில் நிறுத்தி, நான் கேட்காமலே ஒரு மூட்டை நல்ல மண் வாங்கித் தந்தான்.

ஏப்ரல் 28, திங்கள்

அவரையில் ஒன்றும் இல்லை. இலை, இலை. புத்தகம் பிழையாக இருக்கலாம். ஆலம்கீரின் மனைவி வைத்தது வேறு சாதி அவரையாக இருக்கலாம்.

பொறுத்துப் பார்ப்பம்.

மே 6, செவ்வாய்

காலையில் கோட்டைக் கழற்றும்போது நுனியில் ஊதா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

செப்டெம்பரில் நான் கண்டது பூச்சி இல்லை.

மே 7, புதன்

எழுத ஒன்றும் இல்லை.

மே 11, ஞாயிறு

கோல் வந்தது. நான் சாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிஷாந்தி போனோடு இறங்கி வந்து, என் கையில் வைத்து, பெரிய சத்தத்தை நிறுத்திவிட்டு, மேலே ஏறிப் போய்க் கதவையும் சாத்தினாள். தந்திரமான பிள்ளை.

"இஞ்சருங்கோ," என்றது குரல்.

"ஓம்."

"என்ர கோட்டை என்ன செய்து வைச்சிருக்கிறியள்? படம் வந்து எத்தினை நாளாச்சு, நானும் கேக்காமல் விடுவம் எண்டு பாக்கிறன்."

"பழுதாக்கேல்லை. ஒரு பொத்தானும் கழரேல்லை."

"கழுத்துப் பொத்தானையும் பூட்டியெல்லோ கிடக்கு. நான் ஒருநாளும் அதைப் பூட்டுறேல்லை. எனக்கு மூச்சு முட்டும்."

"திறந்தா மேலால வெளிச்சம் போகும்."

அங்கே குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"உள்ளுக்க என்ன நிக்குது?"

"அவரை."

"எந்த அவரை?"

"உம்மட பொக்கற்றுக்குள்ள கிடந்தது."

நான் சொல்வதற்குச் சில வசனங்கள் ஆயத்தம் பண்ணிவைத்திருந்தேன். கதிரையில் இருட்டில் இருந்த நாட்களில் பண்ணியவை. ஒன்றும் வரவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மொட்டு வந்திருக்கு," என்றேன். "ஊதா."

"மே மாசத்திலயோ?"

"ஓம்."

"எப்பிடி?"

"இருட்டுக் குடுத்தனான். இருட்டு இல்லாமல்தான் போன வருசம் பிந்தினது. அது மலடு இல்லை."

நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அது எனக்கு இங்கே கேட்டது. சிரித்தாளா என்று தெரியவில்லை.

"காய்க்குமோ?"

"தெரியாது," என்றேன். பிறகு கேட்டேன்: "என்ன செய்வம்? வெளியில வைக்கிறதோ, இஞ்சயே வைச்சிருக்கிறதோ?"

"அது உங்களுக்குத் தெரியாததோ. ஊர் முழுக்கப் பம்பு திருத்தினீங்கள், ஒருத்தரைக் கேட்டீங்களோ?"

"இப்ப கேக்கிறன்."

குழந்தை தட்டுவதை நிறுத்திவிட்டது. லண்டன் முழுவதும் நின்றுபோனதுபோல் இருந்தது.

"வெளியில வைச்சா வெளிச்சத்துக்கு மொட்டுக் கொட்டிப்போடும்," என்றாள் மெதுவாக. "உள்ளுக்கே நிக்கட்டும். நான் வந்து பாக்குமட்டும் ஒண்டும் செய்யாதேங்கோ."

"ஓம்."

"பிடுங்கிப் போடாதேங்கோ."

"இல்லை," என்றேன்.

எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. போனை வைத்த பிறகுதான், அவள் சாப்பிட்டாளா என்றாவது கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

மே 12, திங்கள்

மிளகாய்க் கன்றுகளைப் பகலில் கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் காற்றுக்குப் பழக்கத் தொடங்கினேன். தக்காளி நெடுத்துவிட்டது, நடும்போது தண்டை ஆழமாகப் புதைத்தால் சரி.

மாலை ஐந்து மணிக்குக் கோட்டைப் போட்டேன். கழுத்துப் பொத்தானைப் பூட்டவில்லை. அந்த இடத்தில் வெளிச்சம் போகாமல் இருக்க என்னுடைய கழுத்துத் துணியைச் சுற்றிவிட்டேன், இறுக்காமல்.